லாக் கேபின் ப்ளாக் 8½ இஞ்ச் வரலை, 8 1/8 தான் வருது: பனிக்காலக் காத்துதான் காரணமா?

உறைபனி_ஊசி
முழுக்க வெட்டுத்துணியிலதான் இந்த க்வில்ட் (துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற ஒட்டுப் போர்வை). 48 லாக் கேபின் ப்ளாக் கணக்கு: நடுச் சதுரத்தைச் சுத்திச் சுத்திப் பட்டை தைக்கிற கட்டம், மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர் நிறம். நடுச் சதுரம் 2½ இஞ்ச், சுத்திவர 1½ இஞ்ச் அகலப் பட்டை, மூணு சுற்று. முடிச்ச ப்ளாக், சுத்திவர தையலுக்கு விடுற கால் இஞ்ச் ஓரத்தோட 8½ வரணும். இதுவரைக்கும் தைச்ச ஒன்பதுல ஆறு 8 1/8, ரெண்டு 8¼, ஒண்ணே ஒண்ணு சரியா 8½.

வெளியே பனி, உள்ளே நாள் முழுக்க ஹீட்டர். அறையில ஈரப்பதம் 22 சதவீதம்னு மீட்டர் காட்டுது. சின்னத் துண்டெல்லாம் ஸ்கேல்ல ஒட்டிக்கிட்டு வருது. மெஷின் காலையில முதல் பத்து நிமிஷம் முனகுது. கேள்வி ஒண்ணுதான்: துணி காய்ஞ்சு சுருங்கி அளவு குறையுதா, இல்ல வேற எங்கேயாவது தப்பு இருக்கா?

கால்_இஞ்ச்
காத்தை விட்டுடுங்க, கணக்கைப் பாருங்க. ப்ளாக்கோட குறுக்கே இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, ஆக 6 தையல். குறையறது 3/8 இஞ்ச். 3/8-ஐ ஆறால வகுத்தா ஒரு தையலுக்கு 1/16. ஒவ்வொரு தையலும் ரெண்டு துணியில இருந்தும் ஓரம் எடுக்குது, அதனால உங்க ஓரம் கால் இஞ்சைவிட 1/32 கூட. நம்ம பழைய கணக்குல சொன்னா அரை மாகாணி. கண்ணுக்கே தெரியாது, ஆனா ஆறு தடவை சேர்ந்தா ப்ளாக்கையே தின்னுடும்.

சோதிக்க வழி: 1½ × 4 இஞ்ச் அளவுல மூணு பட்டை. நீளவாக்குல மூணையும் சேர்த்துத் தைங்க. ரெண்டு தையலையும் வெளிப்பக்கமா மடிச்சு இஸ்திரி போடுங்க. நடுப்பட்டையை மட்டும் அளங்க. சரியா 1 இஞ்ச் இருக்கணும். டேப்புல அளக்காதீங்க, அது தளரும். வெட்டுறதுக்கு எடுக்கிற அதே கண்ணாடி ஸ்கேல்லயே அளங்க.

க்வில்ட் வேலையில "கால் இஞ்ச்"னு சொன்னா முழுக் கால் இஞ்ச் இல்ல, அதுக்கு ஒரு இழை குறைச்சு. துணியை மடிச்சுத் திருப்புற இடத்துல துணியோட தடிமனும் நூலோட தடிமனும் கொஞ்சம் அளவைச் சாப்பிடும். அதுக்கான ஈடுதான் அந்த ஒரு இழை. கால் இஞ்ச் பாதம்னு (பாதம்னா மெஷின்ல துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) விக்கிறதை மாட்டினா மட்டும் இது தானா வந்துடாது. பாதத்தோட விளிம்பு சரியா இருந்தாலும் ஊசி நிக்கிற இடம் மெஷினுக்கு மெஷின் மாறும்.

பாவும்_ஊடையும்
கால்_இஞ்ச் சொல்றது ஆறு ப்ளாக்குக்குப் பொருந்தும். ஒண்ணு 8½, ரெண்டு 8¼ ஏன் வந்துச்சு? தையல் ஓரம் மட்டும்தான் தப்புன்னா ஒன்பதும் ஒரே மாதிரி தப்பா இருக்கணுமே.

வெட்டுத்துணியில துண்டுக்குத் துண்டு குணம் வேற, அதை மறந்துடக்கூடாது. நான் மூணு விஷயம் பார்ப்பேன்.

முதல்ல சலவை. தோய்ச்ச துணி ஏற்கெனவே சுருங்கியிருக்கும். தோய்க்காதது, வெட்டித் தைச்ச பிறகு நீராவி இஸ்திரி பட்டதும் சுருங்கும். ரெண்டும் ஒரே ப்ளாக்ல இருந்தா ஒரு பக்கம் மட்டும் உள்ளே இழுக்கும். துண்டைப் பார்த்து எது தோய்ச்சது, எது புதுசுன்னு சொல்ல முடியாது. வழி ஒண்ணுதான்: வெட்டுறதுக்கு முன்னாடியே எல்லாத் துண்டுக்கும் தண்ணி தெளிச்சு, நீராவி வச்சு இஸ்திரி. சுருங்கறதெல்லாம் அப்பவே சுருங்கட்டும். அப்புறம் அளந்து வெட்டுங்க.

ரெண்டாவது பட்டையை எந்த வாக்குல வெட்டினீங்கங்கறது. பாவு வாக்குல, அதாவது கரைக்கு இணையா வெட்டின பட்டை இழுபடாது. ஊடை வாக்குல, அதாவது கரைக்குக் குறுக்கே வெட்டினது கொஞ்சம் இழுபடும். கிராஸா, அதாவது மூலைவாட்டா வெட்டினது ரப்பர் மாதிரி. கரை இல்லாத துண்டுல எது பாவுன்னு தெரியணும்னா ரெண்டு பக்கமும் மெதுவா இழுத்துப் பாருங்க. கம்மியா நீள்றது பாவு.

மூணாவது இஸ்திரி பிடிக்கிற விதம். தேய்க்கக்கூடாது, வைக்கணும், எடுக்கணும். 1½ இஞ்ச் பட்டையை முன்னும் பின்னும் தேய்ச்சா வில்லா வளையும். தையலை முழுசா விரிக்காம விட்டா அங்கே ஒரு சின்ன மடிப்பு நின்னு அளவு குறையும். முதல்ல தைச்ச நிலையிலயே தையல்மேல ஒரு தடவை இஸ்திரியை வைங்க, நூல் துணிக்குள்ள படியும். அப்புறம் விரிச்சு, நல்ல பக்கத்துல இருந்து வைங்க.

காத்தோட பங்கும் கொஞ்சம் உண்டு. பருத்தி ஈரத்தை வாங்கும், விடும். ஆனா அது 8 இஞ்சுல 3/8 குறைக்கிற அளவு இல்லவே இல்ல.

உறைபனி_ஊசி
மூணு பட்டை சோதனை செஞ்சாச்சு. நடுப்பட்டை 15/16.

கால்_இஞ்ச்
பாருங்க, ரெண்டு பக்கமும் 1/32, ஆக 1/16 போயிடுச்சு. முதல் கணக்கோட அப்படியே ஒத்துப்போகுது. பெரும்பங்கு தையல் ஓரம்தான். மீதி ஏறுமாறு பாவும்_ஊடையும் சொன்ன காரணங்களா இருக்கும்.

சரிசெய்ய ரெண்டு வழி. ஊசியை நகர்த்தற வசதி இருக்கிற மெஷின்னா ஒரு படி வலது பக்கம், துணியோட விளிம்பைப் பார்த்து நகர்த்துங்க. கவனம்: ஊசித்தட்டுல ஒரே ஒரு வட்டத் துளை இருக்கிற வகைன்னா ஊசியை நகர்த்தவே கூடாது. தட்டுல மோதி உடையும். அப்படி இருந்தா தட்டுமேல வழிகாட்டி ஒட்டுங்க. ஸ்கேலைப் பாதத்துக்கு அடியில வச்சு, கால் இஞ்ச் கோட்டுமேல ஊசி இறங்கற மாதிரி சக்கரத்தைக் கையால சுத்துங்க. ஊசி கோட்டோட இடது விளிம்புல விழாம வலது விளிம்புல விழணும். அந்த நிலையில ஸ்கேலோட ஓரத்தை ஒட்டி நாலு அஞ்சு அடுக்கு மாஸ்கிங் டேப். துணி அந்தச் சுவரை உரசிக்கிட்டே போகும். பாதத்துக்குக் கீழே துணியை நகர்த்துற பல்லை மறைக்காம ஒட்டுங்க, பல் மறைஞ்சா துணி நகராது.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். நீளப் பட்டையை அப்படியே வச்சுத் தைச்சுட்டு அப்புறமா ஓரத்தை வெட்டுறீங்களா? அதை நிறுத்துங்க. ஒவ்வொரு பட்டையையும் நீளத்துக்கு முன்கூட்டியே வெட்டுங்க. வெளிர், வெளிர், அடர், அடர்ங்கற வரிசையில:

முதல் சுற்று: 2½, 3½, 3½, 4½
ரெண்டாம் சுற்று: 4½, 5½, 5½, 6½
மூணாம் சுற்று: 6½, 7½, 7½, 8½

இப்படி வெட்டி வச்சா தப்பு உடனே கண்ணுல படும். 3½ பட்டையை வைக்கிறப்போ அது ப்ளாக்கைவிட அரை நூல் வெளியே நீட்டிக்கிட்டு நின்னா முந்தின தையல்ல ஓரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். (நான் சொல்ற நூல் தச்சுவேலை நூல், இஞ்சுக்கு எட்டு. தையல் நூலைச் சொல்லலை.) நீளமா விட்டுத் தைச்சா அந்த எச்சரிக்கையே கிடைக்காது, கடைசியில மொத்தமாத்தான் தெரியும்.

பாபின்_வைத்தியர்
மெஷின் முனகறதுக்கு மட்டும் வர்றேன்.

சூடு இல்லாத அறையில ராத்திரி இருந்தா எண்ணெய் கெட்டியாகும், மோட்டார் திணறும். அதைவிட மோசம், குளிர்ந்த இரும்பைத் திடீர்னு வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டு வந்தா மேல நீர் கோத்துக்கும், துரு பிடிக்கும். உறை போட்ட நிலையிலயே அறைக்குள்ள கொண்டு வந்து சில மணி நேரம் அப்படியே விடுங்க. ஈரம் உறைமேல கோக்கும். அப்புறம் உறையை எடுத்து, கைச்சக்கரத்தை நாலஞ்சு சுத்து நம்ம பக்கமாச் சுத்தி, வேஸ்ட் துணியில மெதுவா ஒரு நிமிஷம் ஓட்டுங்க. எண்ணெய் விடுற வகை மெஷின்னா தையல்மெஷின் எண்ணெய் மட்டும், ஒரு சொட்டு. எண்ணெயே வேண்டாம்னு கையேட்டுல போட்ட மெஷினுக்கு விடாதீங்க.

22 சதவீத ஈரப்பதத்துல நிலைமின்சாரம் கண்டிப்பா இருக்கும். பாலியஸ்டர் நூல்தான் அதிகம் சிக்கும்: ஸ்பூல்ல இருந்து வர்றப்போ மெஷின் உடம்புலயே ஒட்டிக்கிட்டு வளையம் போடும், இழுவிசை ஏறி இறங்கும். பருத்தி நூலுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனா பருத்தி நூல் காய்ஞ்சா பலமும் கொஞ்சம் குறையும். அடிக்கடி அறுந்தா மேல் இழுவிசையை அரைப் புள்ளி தளர்த்துங்க. ஈரப்பதத்தை 40 சதவீதம் பக்கம் கொண்டு வந்தா பாதிப் பிரச்சனை தானா அடங்கும். ஈரத் துண்டு ஒண்ணை அறையில விரிச்சுக் காயப்போட்டாலே வித்தியாசம் தெரியும். ரொம்ப ஏத்தினா ஜன்னல் கண்ணாடியில நீர் வழியும், அதுக்கும் கீழே துணிக்கூடையை வைக்காதீங்க.

பாபின் கூட்டைச் சுத்தி பஞ்சுத் தூசி சேரும். நாலு பாபின் காலியானா ஒரு தடவை பிரஷ்ஷால எடுங்க. வாயால ஊதக்கூடாது: ஈரம் போகும், தூசியும் உள்ளே தள்ளப்படும். காத்து அடைச்ச டப்பாவும் அப்படித்தான்.

கடைசியா மின்சாரம். இஸ்திரிப்பெட்டியும் அறை ஹீட்டரும் ஆளுக்கு 1500 வாட் பக்கம் இழுக்கும். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல செருகினா போர்டு சூடாகி உருகும். ஹீட்டர் நேரா சுவர் பிளக்குக்குப் போகட்டும். இஸ்திரி போடுற நேரம் ஹீட்டரை அணைச்சாலும் குடி முழுகாது, பெட்டியே அறையைச் சூடாக்கும்.

கந்தல்_களஞ்சியம்
48 ப்ளாக்குக்கு எவ்வளவு துணின்னு யாரும் கேட்கலையே! மேல இருக்கிற நீளங்களைக் கூட்டினா ஒரு ப்ளாக்குக்கு வெளிர் நிறம் 30 இஞ்ச், அடர் நிறம் 36 இஞ்ச், எல்லாம் 1½ அகலத்துல. 48-க்கு வெளிர் பட்டை 40 கஜம், அடர் பட்டை 48 கஜம். வெளிர் நிறம் கம்மியாத்தானே வேணும்னு நினைக்காதீங்க. வெட்டுத்துணிக் குவியல்ல எப்பவும் முதல்ல தீர்றது வெளிர்தான், ஏன்னா பூப்போட்டதும் கட்டம் போட்டதும் பெரும்பாலும் நடுத்தரம், அடர். இப்பவே வெளிர் துண்டுகளைத் தனியா எடுத்து வைங்க.

வெட்டி வைக்கிற அளவுகள்: 1½ பட்டை, 2 இஞ்ச் பட்டை, 2½ பட்டை, 2½ சதுரம், 3½ சதுரம், 5 இஞ்ச் சதுரம். அதுக்குமேல பெருசா இருந்தா வெட்டாதீங்க, அப்படியே இருக்கட்டும். 1½, 2½, 3½ மூணும் ஒண்ணோட ஒண்ணு சேரும்: முடிஞ்ச பிறகு 1, 2, 3 ஆகும். ஒன்பது 2½ சதுரம் சேர்ந்தா 6½, அதாவது முடிஞ்சா 6. 2 இஞ்ச் பட்டை முடிஞ்சா 1½, அது தனிக் குடும்பம், கலக்காம வைங்க. ஒரு துண்டுல முதல்ல பெரிய அளவு கிடைக்குதான்னு பார்த்து, மீதியில சின்னது.

வகை தெரியாத துண்டை அப்படியே சேர்க்காதீங்க. ஓரத்துல ரெண்டு மூணு இழை உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணித் தொட்டிமேல வச்சு நெருப்பு காட்டுங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசனை, சாம்பல் தூளா உதிரும். பாலியஸ்டர்னா உருகி, ஆறினதும் கெட்டியான மணியா நிக்கும். கலப்புன்னா ரெண்டும் கொஞ்சம். பருத்திச் சூட்டுல இஸ்திரி போடுற ப்ளாக்ல பாலியஸ்டர் துண்டு ஒண்ணு இருந்தா பளபளன்னு மினுங்கி, சுருண்டுடும்.

ஃபிளானல் துண்டு பனிக்காலத்துக்குக் கதகதப்பா இருக்கேன்னு கை போகும். சாதாப் பருத்தியைவிட அது அதிகம் சுருங்கும், தடிமனும் கூட. 1½ பட்டையில ரெண்டையும் கலந்தா கால்_இஞ்ச் சொன்ன ஒரு இழை கணக்கு குலையும். ஃபிளானல்னா முழுக்க ஃபிளானல்லயே, பட்டை 2½ அகலத்துல செய்யுங்க.

சீவல்
எல்லாரும் அளந்து அளந்து வெட்டச் சொல்றீங்க. ஒழுங்கில்லாத துண்டை 1½-க்கு ஒழுங்குபடுத்தறப்போ எவ்வளவு குப்பைக்குப் போகுதுன்னு பார்த்தீங்களா? ஒரு பக்கம் 1 இஞ்ச், மறுபக்கம் 2 இஞ்ச் இருக்கிற ஆப்பு வடிவத் துண்டை அப்படியே தைக்கிற வழி இருக்கே. காகிதத்துமேல பட்டை தைக்கிறதைத்தான் சொல்றேன்.

8½ சதுரமா மெல்லிய காகிதம். பழுப்புச் செய்தித்தாள் காகிதம் நல்லது, ஆனா அச்சடிக்காதது. அச்சு மை வெளிர் துணியில ஏறும், இஸ்திரிப் பலகையிலயும் ஏறும். பிரிண்டர் காகிதம் தடிமன், கிழிக்கறப்போ தையலையே இழுத்துடும். நடுப்பட்டையை மூலையில இருந்து மூலைக்கு, நல்ல பக்கம் மேலே இருக்க வைங்க. 8½ சதுரத்தோட மூலைவிட்டம் 12 இஞ்ச், அதனால நடுப்பட்டை 13 இஞ்சாவது வேணும். அடுத்த துண்டை அதுமேல நல்ல பக்கம் கீழே பார்க்க வச்சு, விளிம்பைச் சேர்த்து, கால் இஞ்ச் விட்டுத் தைச்சு, திருப்பிப் படிய வைங்க. இப்படியே ரெண்டு பக்கமும் மூலை வரைக்கும். துண்டோட அகலத்தைப் பொறுத்து ஒரு ப்ளாக்குக்கு 9-ல இருந்து 11 துண்டு பிடிக்கும். கடைசியில காகிதத்தைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டு, காகித ஓரத்தோட சீவிடுங்க. எல்லா ப்ளாக்கும் 8½தான். உங்க தையல் ஓரம் 1/32 கூடினா என்ன, குறைஞ்சா என்ன!

நாலு ப்ளாக்கைச் சேர்த்தா நடுப்பட்டைகள் வைர வடிவமா நிக்கும். நடுப்பட்டை எல்லாத்துலயும் ஒரே வெளிர் நிறமா இருந்தா, மீதி எவ்வளவு கலவரமா இருந்தாலும் கண்ணுக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும்.

தையல் நீளம் 1.5 மி.மீ. அப்பத்தான் காகிதம் துளைத்துளையா ஆகி சுலபமாக் கிழியும். ஊசி 90/14. காகிதம் ஊசியை மழுக்கிடும், அந்த ஊசியைத் துணிக்குத் திருப்பி எடுக்காதீங்க. நீராவி வேண்டாம், காகிதம் சுருளும்.

மூலைத் துண்டுல ஒரு எச்சரிக்கை. ப்ளாக்கைச் சேர்க்கறப்போ ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் போகுது, மூலைவிட்ட வாக்குல அது 0.35 இஞ்ச். கடைசித் தையலுக்கும் மூலைக்கும் நடுவுல 1 இஞ்சாவது இல்லன்னா அந்தத் துண்டு கடுகளவு முக்கோணமாத்தான் தெரியும், அங்கே தையல் மேல தையல் ஏறி முடிச்சு மாதிரி தடிக்கும். மூலைக்குன்னு அகலத் துண்டு ஒதுக்கி வைங்க.

மூலைமட்டம்
சீவல், எல்லாம் சரி, ஆனா பெரிய விஷயம் ஒண்ணை விட்டுட்டீங்க. நேர்வாக்குல வெட்டின பட்டையைக் குறுக்கா வச்சுத் தைக்கிறீங்க, அப்போ ப்ளாக்கோட நாலு விளிம்பும் கிராஸ். காகிதத்தைக் கிழிச்ச அடுத்த நிமிஷம் 8½ ப்ளாக் 8 5/8 ஆகும், ஓரம் அலையடிக்கும். நாலும் சேர்ற வரைக்கும் காகிதத்தை எடுக்கவே கூடாது.

சீவல்
சேர்த்த பிறகு எடுத்தா தையல் ஓரத்துக்குள்ள மாட்டின காகிதத்தை இடுக்கியால நோண்டணும். 48 ப்ளாக்குக்கு அது தண்டனை. தையல் ஓரம் வர்ற கால் இஞ்ச் காகிதத்தை மட்டும் முதல்லயே மடிச்சுக் கிழிச்சுடுங்க, மீதி உள்ளே இருக்கட்டும். விளிம்பு இழுபடாது, சேர்ற இடமும் சுத்தம்.

மூலைமட்டம்
அது நடுவழி, ஒத்துக்கறேன். இன்னொரு வழி காகிதத்துக்குப் பதிலா மெல்லிய பழைய பருத்தி விரிப்பை அடித்துணியா வைக்கிறது. கிழிக்கற வேலையே இல்ல, தையல் நீளம் வழக்கமான 2.5 போதும். ஆனா ஒரு அடுக்கு கூடும், கனக்கும். கையால க்வில்ட் தையல் (எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்) போடுறவங்களுக்கு ஊசி இறங்காது. மெஷின்ல போடுறதுன்னா பிரச்சனை இல்ல, குளிருக்கு அந்த அடுக்கே உதவி.

உறைபனி_ஊசி
டேப் சுவர் ஒட்டியாச்சு, நடுப்பட்டை இப்போ சரியா 1 இஞ்ச். ரெண்டு கேள்வி. 8 1/8 ஆறையும் என்ன செய்ய? அப்புறம், சாயங்காலம் சீக்கிரம் இருட்டிடுது, விளக்குல வெளிர் எது நடுத்தரம் எதுன்னு குழம்புது.

கால்_இஞ்ச்
இஸ்திரியில இழுத்து நீட்டப் பார்க்காதீங்க, முதல் சலவையில திரும்பிப் போயிடும். ஆறையும் பிரிக்கவும் வேண்டாம். வெளியே சொல்லக்கூடாத ரகசியம் ஒண்ணு சொல்றேன்: க்வில்ட் முழுக்க இந்த ஒரே ப்ளாக்தான்னா, 48-ம் ஒரே மாதிரி தப்பா இருந்தா அது தப்பே இல்ல. 8½, 8¼ மூணையும் நாலு பக்கமும் சமமாச் சீவி 8 1/8 ஆக்குங்க. மீதி 39-ஐ சரியான ஓரத்துல 8½-க்குத் தைச்சு அதே மாதிரி சீவுங்க. வெளிப்பட்டை 1 இஞ்சுக்குப் பதில் 13/16 தெரியும், யாரும் ஸ்கேல் எடுத்து வரப்போறதில்ல. ப்ளாக் முடிஞ்சா 7 5/8. ஆறுக்கு எட்டு அடுக்கினா 45¾ × 61 இஞ்ச். முழு அளவுல வந்திருந்தா 48 × 64.

வேற வகை ப்ளாக்கை நடுவுல கலக்கறதா இருந்தா மட்டும் இந்தச் சமாளிப்பு செல்லாது. அப்போ அந்த ஆறைத் தலையணை உறைக்கு ஒதுக்கிட்டு புதுசா ஆறு தைங்க.

பாவும்_ஊடையும்
வெளிச்சம்: நிறத்தைப் பார்க்காதீங்க, அடர்த்தியைப் பாருங்க. லாக் கேபின் நிக்கறதே அதுல. துண்டுகளை மேஜையில பரப்பி, போன்ல படம் எடுத்து, கறுப்பு வெள்ளையா மாத்துங்க. ரெண்டு துண்டு ஒரே சாம்பலாத் தெரிஞ்சா, ஒண்ணு சிவப்பு ஒண்ணு பச்சையா இருந்தாலும் பக்கத்துல பக்கத்துல வச்சா பிரியாது. சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாப் பார்க்கிற பழக்கமும் உண்டு, ஆனா அதுல சிவப்புத் துணியெல்லாம் வெளுத்துத் தெரியும், ஏமாத்திடும்.

விளக்கு வாங்கறதுன்னா 5000 கெல்வின் பக்கம், நிறத்தை உள்ளபடி காட்டற குறியீடு (CRI) 90-க்கு மேல இருக்கிற எல்.இ.டி. மஞ்சள் விளக்குல க்ரீமும் வெள்ளையும் ஒண்ணாத் தெரியும். மூட்டமான நாள்ல ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த முடிவை விளக்கடியில ஒரு தடவை சரிபாருங்க, நீலம் தட்டின வெளிச்சத்துல சாம்பல் துண்டெல்லாம் நீலக் கட்சிக்குப் போயிடும்.

நடுத்தரத் துண்டுக்குச் சொந்தக் கட்சி கிடையாது. அடர் பக்கத்துல இருந்தா வெளிராத் தெரியும், வெளிர் பக்கத்துல இருந்தா அடராத் தெரியும். ஒரு க்வில்ட்ல அதை ஒரே பக்கத்துக்கு மட்டும் கொடுங்க. ரெண்டு பக்கமும் போட்டா மூலைவிட்டக் கோடு கலைஞ்சிடும்.

உறைபனி_ஊசி
கலக்கற எண்ணமும் இருக்கு. பனிக்காலம்னு வெள்ளைப் பனிப்பந்து ப்ளாக் (நாலு மூலையிலயும் முக்கோணம் வச்ச வெள்ளைச் சதுரம்) நடுநடுவுல வந்தா நல்லா இருக்குமேன்னு. 8½ அளவுல மூலை எவ்வளவு?

மூலைமட்டம்
8½ வெள்ளைச் சதுரம் ஒண்ணு, 2½ வெட்டுத்துணிச் சதுரம் நாலு. 2½ சதுரத்தோட உள்பக்கம் மூலைவிட்டக் கோடு போட்டு, வெள்ளையோட மூலையில நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைங்க. கோட்டுமேலயே தைக்காதீங்க, ஒரு இழை மூலைப் பக்கமாத் தள்ளித் தைங்க. இல்லன்னா திருப்பினதும் முக்கோணம் மூலை வரைக்கும் எட்டாது. திருப்பி, இஸ்திரி வச்சு, வெள்ளையோட மூலையும் முக்கோண மூலையும் ஒட்டுதான்னு பார்த்த பிறகுதான் பின்னாடி இருக்கிறதை கால் இஞ்ச் விட்டு வெட்டணும். வெட்டிட்டுப் பார்த்தா பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. முதல் தையலுக்கு அரை இஞ்ச் வெளியே இன்னொரு தையல் போட்டு ரெண்டுக்கும் நடுவுல வெட்டினா, வீணாப் போற முக்கோணமும் ரெண்டு முக்கோணம் சேர்ந்த ஒரு குட்டி அரைச்சதுர ப்ளாக் ஆகும். 1½-க்குச் சீவிக்கலாம். வெட்டுத்துணிக்காரங்களுக்கு அது போனஸ்.

லாக் கேபினோட அடர் பக்கமும் இந்த மூலைகளும் சேர்ந்து நட்சத்திரம் மாதிரி தெரியணும்னா மூலையெல்லாம் அடர் நிறமா இருக்கணும்.

வெள்ளை வருதுன்னதும் ஒண்ணு: அடர் சிவப்பு, கருநீலம் ரெண்டையும் சாயச் சோதனை இல்லாம சேர்க்காதீங்க. துண்டை நனைச்சு, வெள்ளைத் துணிமேல வச்சு, இஸ்திரியால அழுத்துங்க. கறை ஏறினா அதைத் தனியாத் தோய்ச்சு, மறுபடி சோதிங்க. மூணாவது தடவையும் விட்டா இந்த க்வில்ட்டுக்கு அது வேண்டாம்.

கந்தல்_களஞ்சியம்
பனிக்கால வெடிப்பு விழுந்த விரல் நூலை இழுக்கும்னு கிரீம் பூசிட்டு உடனே வெள்ளைத் துணியைத் தொடாதீங்க. எண்ணெய்க் கறை இஸ்திரி பட்டா போகாது. நல்லா ஊறின பிறகு சோப்பு போட்டுக் கழுவிட்டு உட்காருங்க.

உறைபனி_ஊசி
புது ஓரத்துல தைச்ச முதல் ப்ளாக் 8½ வந்துடுச்சு. ஆனா கடைசி 8½ பட்டையோட ஓரம் லேசா அலையடிக்குது.

கால்_இஞ்ச்
அந்தப் பட்டையை மேலே வச்சுத் தைச்சீங்களா, கீழே வச்சா? பல் கீழ்த்துணியை இழுக்கும், பாதம் மேல்துணியைத் தள்ளும். நீளத் தையல்ல ரெண்டும் ஒரே வேகத்துல போகாது. பட்டையை ரெண்டு முனையிலயும் நடுவுலயும் ஊசி குத்திக்கிட்டு, ப்ளாக் மேலே பட்டை கீழே இருக்கிற மாதிரி தைங்க. அப்பத்தான் ப்ளாக்கோட தையல் ஓரங்கள் புரண்டு மடங்கறதும் கண்ணுக்குத் தெரியும். முனை சேரலைன்னா இழுத்துச் சேர்க்காதீங்க, பட்டையோட நீளத்தை ஒரு தடவை அளந்து பாருங்க. ஊடை வாக்குல வெட்டின பட்டைன்னா அது ஏற்கெனவே 8 5/8 ஆகியிருக்கும்.